கைத்தொலைபேசிக்குள் ஆண் குரலும் பெண் குரலும்

(நூற்றாண்டு விழாவையொட்டி மாங்கேணியில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில், மாலை வகுப்புக் குழுவினர் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழா என்றால் கல்லூரியின் பெருமையைப் பேச வேண்டும். அதைப் பேசுவதற்கு எங்களைவிடத் தகுதியானவர்கள் இந்த மேடையில் இருக்கிறார்கள். எங்களுக்குத் தரப்பட்ட இருபது நிமிடத்தில் நாங்கள் விட்ட ஒரு பிழையைப் பற்றிப் பேச அனுமதி கேட்டோம். செயலாளர் முதலில் தயங்கினார். “மலரில் அச்சாகப் போகிற பேச்சு, யோசித்துப் பேசுங்கோ” என்றார். யோசித்துத்தான் வந்திருக்கிறோம்.

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் வீதியில் வருகிறவர்களுக்கு இந்த ஊர்ப் பெயர்கள் தெரியும். காயங்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி என்று ஊருக்கு ஊர் ஒரு கேணி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காடும் களப்பும். 2004 இல் கடல் வந்து போன கரை இது. 2006 இன் கடைசியிலும் 2007 இன் தொடக்கத்திலும் சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பின்னர் திரும்பி வந்து குடியேறிய பிரதேசம். கடற்றொழில், கூலி வேலை, மத்திய கிழக்கு வேலை என்று பிழைப்பு நடக்கிறது. இங்குள்ள பிள்ளைகள் க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதத்தில் தவறிவிடக் கூடாது என்றுதான் எங்கள் சங்கம் மேலதிக வகுப்பொன்றை ஆரம்பித்தது. சனிக்கிழமை காலையில் நடந்த அந்த வகுப்பை நாங்கள் ஐந்து பேர் பொறுப்பெடுத்திருந்தோம்.

பெற்றோரோடு தொடர்பு வைத்துக்கொள்ள ஒரு வட்ஸ்அப் குழு அமைத்தோம். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது எல்லோருடைய பாடமும் அந்தச் சின்னத் திரைக்குள்தானே ஏறியது. அன்றிலிருந்து சனங்களுக்கு அது பழகிப்போன விசயம். குழுவில் தாய்மார்தான் கூட. தந்தைமார் குறைவு.

2023 இல் எங்கள் கணித ஆசிரியருக்குச் சனிக்கிழமை வர முடியாமல் போயிற்று. புதனும் வெள்ளியும் பிற்பகல் மூன்றரை முதல் ஆறு மணி வரை வகுப்பை மாற்றலாமா என்று எங்களில் ஒருவர் குழுவில் கேட்டார். ஐந்து நிமிடத்துக்குள் பதில் வந்தது. “நல்ல முடிவு டீச்சர்”, “சம்மதம்”, “பிள்ளைகள் படிக்கட்டும்” என்று நாலைந்து தந்தைமார் எழுதினார்கள். தாய்மார் சிலர் கைகூப்பும் படம் போட்டார்கள். மற்றவர்கள் ஒன்றும் எழுதவில்லை. எல்லோருக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அடுத்த கிழமையே நேரத்தை மாற்றினோம்.

இரண்டு கிழமை போனது. மூன்று மாணவிகள் வரவில்லை. மூவரும் பிரதான வீதியிலிருந்து உள்ளே, காட்டோரத்தில் இருக்கிற வீடுகளின் பிள்ளைகள். தேடிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். வாசலில் நின்ற தாய் எங்களைக் கண்டதும் அழுதுவிட்டார்.

“டீச்சர், ஆறு மணிக்கு வகுப்பு முடிஞ்சா வீட்ட வந்து சேர இருட்டிரும். இந்தப் பாதையில யானை இறங்குற. பொம்புளப் புள்ளைய எப்படி அனுப்புற? நான் உங்களுக்கு வொய்ஸ் போட்டனே.”

எங்களில் ஒருவருடைய தொலைபேசியைத் திறந்து பார்த்தோம். இருந்தது. மூன்று நிமிடக் குரல் பதிவு. அதில் முதல் ஒரு நிமிடம் எங்கள் சுகநலம். பிறகு எங்களில் ஒருவருடைய அம்மாவின் கால் வலி எப்படி என்று விசாரிப்பு. பிறகு மகள் வகுப்பில் நல்லாய்ப் படிக்கிறாளா என்ற கேள்வி. கடைசி அரை நிமிடத்தில்தான் யானையும் இருட்டும் வந்தன. நாங்கள் முதல் நிமிடத்தைக் கேட்டுவிட்டு, “சுகம், நன்றி” என்று பதில் போட்டிருக்கிறோம்.

“குழுவில எழுதியிருக்கலாமே அம்மா” என்று கேட்டோம்.

“எல்லாரும் சரியெண்டு சொல்லி முடிஞ்சிது. அதுக்குப் பிறகு நான் போய் எழுதினா, இவளுக்கு மட்டும் என்ன பெரிய கரச்சல் எண்டு நினைப்பாங்க. அதான் தனியச் சொன்னன்.”

அந்த மூவரில் இருவர் திரும்பி வந்தார்கள். ஒருத்தி வரவில்லை. அந்த வருடம் அவள் பரீட்சைக்கும் தோற்றவில்லை. நாங்கள் இன்று இந்தத் தலைப்பில் பேசுவதற்கு அவள்தான் காரணம்.

அன்றிரவு நாங்கள் ஐந்து பேரும் இருந்து குழுவின் பழைய செய்திகளையெல்லாம் மேலிருந்து கீழாக வாசித்தோம். குழுவில் எழுதியவை பெரும்பாலும் அந்த நாலைந்து தந்தைமாருடையவை. சொல்ல வேண்டியதை அவர்கள் முதல் வரியிலேயே சொல்லி முடித்திருந்தார்கள். தாய்மார் குழுவில் எழுதியவை நன்றி, வாழ்த்து, கைகூப்பு. ஆனால் எங்கள் ஐவருக்கும் தனித்தனியாக வந்த குரல் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தால் தாய்மார் பேசியதுதான் அதிகம். வகுப்பைப் பற்றிய உண்மையான தகவல் முழுக்க அங்கேதான் இருந்தது. பஸ் எத்தனை மணிக்கு வராது, எந்தப் பிள்ளை காலையில் சாப்பிடாமல் வருகிறது, எந்தப் பிள்ளைக்குக் கரும்பலகை தெரியவில்லை என்பதெல்லாம் தாய்மார்தான் சொல்லியிருந்தார்கள். நாங்கள் முடிவெடுத்ததோ குழுவைப் பார்த்து.

இது மாங்கேணியில் மட்டும் நடக்கிற காரியமா என்று தேடிப் பார்த்தோம். இல்லை. அமெரிக்க மொழியியலாளர் ரொபின் லேக்கொஃப் 1975 இலேயே, பெண்கள் தங்கள் கருத்தைத் தணித்து, கேள்வி போலச் சொல்லப் பழக்கப்படுகிறார்கள் என்று எழுதினார். 1990 இல் டெபோரா டானன், ஆண்கள் பெரும்பாலும் தகவல் சொல்லவும் தங்கள் நிலையைக் காட்டவும் பேசுகிறார்கள், பெண்கள் உறவைப் பேணப் பேசுகிறார்கள் என்றார். இணையம் பரவத் தொடங்கிய 1990களில் சூசன் ஹெரிங் என்ற ஆய்வாளர் பல்கலைக்கழகத்தாரின் மின்னஞ்சல் உரையாடல்களை ஆராய்ந்தார். முகமும் குரலும் தெரியாத இடத்தில் ஆண், பெண் வேறுபாடு மறைந்துவிடும் என்று பலர் நம்பியிருந்த காலம் அது. அவர் கண்டதோ வேறு. ஒரு சில ஆண்களே நீளமாகவும் அடித்துச் சொல்லும் தொனியிலும் எழுதினார்கள். பெண்கள் எழுதினால் பதில் குறைவாகக் கிடைத்தது. நன்றியும் ஆதரவும் கேள்வியும் பெண்களின் எழுத்தில் கூடுதலாக இருந்தன. படித்துப் பட்டம் பெற்ற பேராசிரியைகளின் நிலைமையே அது.

பிள்ளைகள் எல்லோரும் எடுத்துப் பார்க்கிற விக்கிப்பீடியாவை நினைத்துப் பாருங்கள். யாரும் எழுதலாம் என்று திறந்து வைத்த இடம் அது. ஆனால் 2011 இல் அதன் தொகுப்பாளர்களிடையே உலகளவில் எடுக்கப்பட்ட கணக்கில் பெண்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. கதவு திறந்திருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஆனாலும் இங்கே ஓர் எச்சரிக்கை. “பெண்கள் அப்படித்தான், ஆண்கள் இப்படித்தான், அது பிறவிக் குணம்” என்று யாரும் எழுந்து போய்விடக் கூடாது. பெண்கள் வாயாடிகள் என்று நம் ஊரில் எத்தனை பழமொழி இருக்கிறது! 2007 இல் வெளியான ஓர் ஆய்வில் கிட்டத்தட்ட நானூறு பல்கலைக்கழக மாணவர்களின் பேச்சைக் கருவி வைத்துப் பதிந்து எண்ணிப் பார்த்தார்கள். ஆணும் பெண்ணும் நாளொன்றுக்குச் சுமார் 16,000 சொற்கள் பேசினார்கள். பெரிய வித்தியாசம் இல்லை. 2005 இல் ஜெனட் ஹைட் என்ற உளவியலாளர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துவிட்டு, பெரும்பாலான விசயங்களில் ஆணும் பெண்ணும் ஒத்திருப்பதே அதிகம் என்று எழுதினார்.

எங்கள் கண்முன்னேயும் இரண்டு சாட்சிகள் இருந்தன. முதலாவது சாட்சி நம்முடைய பழைய மாணவியர் குழு. நூற்றாண்டுச் சாறியின் கரை என்ன நிறம் என்பதற்கு ரொறன்ரோ ஒரு பக்கம், லண்டன் ஒரு பக்கம், மெல்பேர்ண் ஒரு பக்கம் என்று பதினொரு நாள் சண்டை பிடித்தோமே, மறந்துவிட்டீர்களா? அங்கே யார் தயங்கினார்கள்? யார் கேள்வி போலப் பேசினார்கள்? கட்டளையாகத்தான் எழுதினோம். நம்மவர் மட்டும் இருக்கும் இடத்தில் நம் குரல் நன்றாகவே எழும்புகிறது.

இரண்டாவது சாட்சி வகுப்புப் பிள்ளை ஒருவரின் தந்தை. அவருடைய மனைவி குவைத்தில் வேலை செய்கிறார். சமையலும் பிள்ளைகளும் அவர் பொறுப்பு. அவர் குழுவில் ஒருநாளும் “சம்மதம்” என்று எழுதியதில்லை. தாய்மாரைப் போலவே இரவில் எங்களுக்குக் குரல் பதிவு அனுப்புவார். சுகம் விசாரிப்பார், மகளுடைய காய்ச்சலைச் சொல்வார், கடைசியில் தயங்கித் தயங்கி விசயத்துக்கு வருவார். பிள்ளையின் சாப்பாட்டையும் காய்ச்சலையும் சுமக்கிறவருக்கு அந்தப் பேச்சு வந்துவிடுகிறது. ஆணா பெண்ணா என்பதைவிட யார் என்ன வேலையைச் சுமக்கிறார், எந்த இடத்தில் நிற்கிறார் என்பதே பேச்சைக் கூடுதலாகத் தீர்மானிக்கிறது என்பதை அவரிடம்தான் படித்தோம்.

இடம் என்று சொன்னோம். மட்டக்களப்புப் பகுதியின் வழமையை யோசித்துப் பாருங்கள். இங்கே குடி தாய்வழியாக வரும். வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். இதை ஆராய டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றுக்கு வந்து தங்கி ஒரு பெரிய புத்தகமே எழுதினார். ஆனால் குடியின் பேரால் கோயிலில் வண்ணக்கராக இருந்து பேசுகிறவர் யார்? தாய்மாமன். அவருக்குப் பிறகு அவருடைய சகோதரியின் மகன். உரிமை பெண்ணூடாக வருகிறது, சபையில் பேச்சு ஆணிடம் இருக்கிறது. கண்ணகை அம்மன் குளிர்த்தியில் பெண்களின் குரவை ஊரெல்லாம் கேட்கும். நிர்வாகக் கூட்டத்தில் அதே பெண்கள் மதிலோரம் நிற்பார்கள்.

நம் தாய்மார் பேசாதவர்கள் இல்லை. அவர்கள் பேசிய இடம் கேணியடி. தண்ணீர் அள்ளும்போது ஊர்ச் சங்கதி முழுவதும் அங்கே வந்து போகும். ஆண்கள் பேசிய இடம் சந்தியும் தோணி ஏற்றும் கரையும். இரண்டு இடத்துக்கும் இரண்டு பேச்சு முறை. வட்ஸ்அப் குழு என்ன செய்தது? கேணியடியையும் சந்தியடியையும் ஒரே முற்றத்தில் கொண்டுவந்து வைத்தது. முற்றம் பொதுவானது, ஆனால் அங்கே செல்லுபடியாவது சந்திப் பேச்சு மட்டும். பெண்கள் தங்கள் கேணியடியைத் தனிக் குரல் பதிவாக வேறு இடத்தில் அமைத்துக்கொண்டார்கள். மத்திய கிழக்கிலிருந்து கசற்றில் பேசி அனுப்பிய காலம் ஞாபகமிருக்கிறதா? அந்தக் கசற்றின் பேரப்பிள்ளைதான் இந்த வொய்ஸ்.

அடுத்தது, தொலைபேசி யாருடைய கையில் என்பது. லேர்ன் ஏசியா நிறுவனம் 2018 இல் நடத்திய ஆய்வின்படி இலங்கையில் ஆண்களைவிட ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைவாகவே பெண்கள் இணையத்தைப் பயன்படுத்தினர். இங்கே பல வீடுகளில் நல்ல தொலைபேசி ஒன்றுதான். அது அப்பாவோடு கடலுக்குப் போய்விடும். பாடம் வருவதும் பிள்ளை கரையில் காத்திருப்பதுமாக எத்தனை நாள்! குழுவில் ஒரு தந்தையின் இலக்கம் இருந்தால் அதை வாசிப்பவர் தாய், எழுதுபவர் தந்தை. தன் கணவரின் இலக்கத்திலிருந்து ஒரு தாய் எப்படி மறுத்து எழுதுவார்?

பெயரையும் படத்தையும் பாருங்கள். தந்தைமாரின் படத்தில் அவர்களே மோட்டார் சைக்கிளோடு நிற்கிறார்கள். தாய்மாரின் படத்தில் பூ, பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, அல்லது பிள்ளையின் முகம். இதைக் கூச்சம் என்று சொல்லிச் சிரிக்க முடியாது. படம் போட்ட பெண்ணுக்கு என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். படத்தைத் திருடிப் பொய்க் கணக்கு திறப்பது, கழுத்துக்கு மேல் வெட்டி ஒட்டுவது, நள்ளிரவில் “ஹாய்” என்று எழுதுவது எல்லாம் நாம் கேள்விப்பட்டவை. நம்மில் சிலர் பட்டவை. ஆண் ஒருவரோடு கருத்தில் முரண்பட்டால் அவருடைய கருத்தைத் திட்டுவார்கள். பெண்ணோடு முரண்பட்டால் அவளுடைய நடத்தையைத் திட்டுவார்கள். இந்த வேறுபாடு எல்லாவற்றிலும் கொடியது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2007 இன் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் இருக்கிறது. 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது. அது கருத்துச் சுதந்திரத்தை நெருக்கும் என்று பலர் எதிர்த்ததையும் அறிவீர்கள். பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929 என்ற உதவி இலக்கங்கள் உள்ளன. இவற்றை உங்கள் மகள்மாருக்குச் சொல்லி வையுங்கள். ஆனால் நாம் வழமையாக என்ன செய்கிறோம்? “படம் போடாத மகள், பேர் போடாத, ஒருத்தருக்கும் பதில் எழுதாத” என்று சொல்லி அவளை ஒளித்து வைக்கிறோம். தவறு செய்தவன் தன் சொந்தப் பெயரில் இருக்கிறான். நம் பிள்ளை பூவின் பின்னால் இருக்கிறாள்.

ஒளிந்திருந்த குரல்களை நமக்கு முந்திய தலைமுறை எப்படி வெளியே கொண்டுவந்தது என்பதும் நினைவுக்கு வருகிறது. 1986 இல் பெண்கள் ஆய்வு வட்டம் ஈழத்துப் பெண் கவிஞர்களின் கவிதைகளைத் தொகுத்து வெளியிட்டது. தொகுத்தவர் பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சித்திரலேகா மௌனகுரு. அந்த நூலின் பெயர் ‘சொல்லாத சேதிகள்’. எங்கள் தொலைபேசியில் கடைசிவரை கேட்கப்படாமல் கிடந்த அந்த மூன்று நிமிடத்துக்கும் அந்தப் பெயர் பொருந்தும். அச்சில் வருவதற்கு அன்று யாரோ கேட்டு வாங்கினார்கள். கேட்டு வாங்க வேண்டிய முறை இப்போது நம்முடையது.

சரி, நாங்கள் என்ன மாற்றினோம்? பெரிய காரியம் ஒன்றுமில்லை.

குழுவில் “சம்மதமா?” என்று கேட்பதை நிறுத்தினோம். “இந்த நேரத்தால் எந்தப் பிள்ளைக்குக் கரைச்சல்?” என்று கேட்கிறோம். கேள்வியைத் திருப்பிப் போட்டதும் பதில் சொல்லும் ஆட்கள் மாறினார்கள். ஒரு கேள்வி கேட்டால் இரண்டு நாள் பொறுக்கிறோம். தொலைபேசி கடலால் வர வேண்டுமே. பதில் சொல்லாத வீட்டுக்குப் பெயர் சொல்லித் தனியே எடுத்துக் கேட்கிறோம். மௌனத்தைச் சம்மதமாக எண்ணுவதில்லை. தாயினதும் தந்தையினதும் இலக்கங்கள் இரண்டு இருந்தால் இரண்டையும் சேர்க்கிறோம். தனியாக வந்த தகவலைச் சொன்னவரிடம் கேட்டுக்கொண்டு, பெயரில்லாமல் குழுவில் போடுகிறோம். “எங்களுக்கும் அதே பிரச்சினைதான் டீச்சர்” என்று மற்றத் தாய்மார் எழுதத் தொடங்கியது அதன் பிறகுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, குரல் பதிவைக் கடைசிவரை கேட்கிறோம். விசயம் கடைசி அரை நிமிடத்தில்தான் இருக்கும்.

வகுப்பு நேரமும் மாறியது. பாடசாலை விட்டதும் இரண்டு மணிக்குத் தொடங்கி நாலேகாலுக்கு முடிக்கிறோம். வாழைச்சேனையிலிருந்து வரக்கூடிய இன்னொரு பழைய மாணவியைக் கணிதத்துக்குப் பிடித்தோம். மதியச் சாப்பாட்டுப் பார்சலுக்கு லண்டன் கிளை பணம் அனுப்புகிறது. சாறிக்கரைச் சண்டை பிடித்த அதே சகோதரிகள்தான்.

தந்தைமாரும் மாறினார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது அநியாயம். முன்பு முதல் ஆளாகச் “சம்மதம்” எழுதிய ஒருவர், அண்மையில் சுற்றுலா பற்றிய கேள்விக்கு, “வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்” என்று எழுதினார். அடுத்த நாள் அவருடைய மனைவியே தன் இலக்கத்திலிருந்து எழுதினார்: “இந்தத் திகதி சரிவராது டீச்சர். வேற நாள் பாப்பம்.” சுகவிசாரிப்பு இல்லை, கைகூப்பு இல்லை. நாங்கள் ஐவரும் அந்தச் செய்தியை இரண்டு தரம் வாசித்தோம்.

உலகெங்கும் இருக்கும் சகோதரிகளே, நீங்களும் ஏதோ ஒரு குழுவில் இருக்கிறீர்கள். கோயில் நிர்வாகம், பிள்ளையின் பாடசாலை, தொழிலிடம், குடியிருப்பு என்று எங்கும் குழுதான். உங்களிடம் இரண்டு வேண்டுகோள். உங்கள் பொறுப்பில் ஒரு குழு இருந்தால், அங்கே பேசாதவர் யார் என்று ஒருநாள் இருந்து பாருங்கள். பேசாமல் இருப்பவர் நீங்களாக இருந்தால், அடுத்த முறை விசயத்தை முதல் வரியில், உங்கள் பெயரில், எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதுங்கள். நம் கல்லூரி நமக்கு மேடைப்பேச்சுப் போட்டி வைத்ததெல்லாம் கேடயத்துக்காக மட்டுமா?

திரும்பி வராத அந்தப் பிள்ளையோடு எங்களுக்கு இன்னும் தொடர்பு இருக்கிறது. அடுத்த வருடம் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றலாம் என்று சொல்லியிருக்கிறோம். “யோசிச்சுச் சொல்றன் டீச்சர்” என்று ஒரு குரல் பதிவு வந்திருக்கிறது. நாலு நிமிடம். முழுவதும் கேட்டோம். கடைசியில், விண்ணப்பப் படிவம் எங்கே எடுக்கலாம் என்று கேட்டிருந்தாள்.

படிவத்தை நாங்கள் கையோடு கொண்டுவந்திருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகிறோம். இருட்டுவதற்கு முன் போக வேண்டும் என்பதால் எங்கள் பேச்சை இத்துடன் முடித்துக்கொள்கிறோம்.